கூப்பிட ஆளில்லாத தொட்டில்கள்: புகாரெஸ்ட் குழந்தைகள் ஆய்வு

முப்பது கைக்குழந்தைகள் படுத்திருக்கும் ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் என்ன கேட்கும்? ஒன்று பசிக்கு அழும், அதைக் கேட்டு இன்னொன்று அழும், மூன்றாவது தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். ருமேனியாவின் தலைநகர் புகாரெஸ்டில் இருந்த காப்பகங்களுக்குள் போன ஆய்வாளர்களுக்கு அங்கே இருந்த அமைதிதான் முதல் அதிர்ச்சி. வரிசையாகக் கம்பிக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. சில உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன, சில தன் கையையே முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அழுகைச் சத்தம் மட்டும் இல்லை.

பிறந்த புதிதில் அந்தக் குழந்தைகளும் அழுதிருக்கும். அழுதால் யாரும் வருவதில்லை என்று ஆனபோது நிறுத்திக்கொண்டன. இதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கிடைத்த சூழலுக்குத் தகுந்தபடி அந்தச் சின்ன மூளை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் குரலை எதற்குச் செலவழிக்க வேண்டும்?

அந்தக் குழந்தைகளில் 136 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வுதான் புகாரெஸ்ட் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம். குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. உடல், அறிவு, பேச்சு, பாசம், பதற்றம் என்று வளர்ச்சியின் ஒவ்வொரு கிளையும் எதை நம்பி நிற்கிறது, எது எப்போது கைநழுவிப் போகிறது, எது பின்னால் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அவ்வளவு குழந்தைகள் எப்படி வந்தார்கள்

1966 அக்டோபரில், ருமேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் நிகொலாய் சௌசெஸ்குவின் அரசு 770 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தது. நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்கித் தொழில் வளர்ச்சிக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். 45 வயதுக்கு உட்பட்ட, நான்கு குழந்தைகள் பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் கடைகளில் கிடைக்காமல் போயின. 25 வயதைத் தாண்டியும் குழந்தை இல்லாதவர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்றும் ஆயிற்று. அடுத்த ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இருமடங்கானது.

1980களில் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவு தானியமும் இறைச்சியும் ஏற்றுமதியாகின. வீட்டில் சோற்றுக்கும் விறகுக்கும் பஞ்சம். பிள்ளையை வளர்க்க முடியாத பெற்றோரிடம், உன்னைவிட அரசாங்கம் நன்றாக வளர்க்கும் என்று சொல்லப்பட்டது. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். 1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டு ஆட்சி விழுந்தபோது, காப்பகங்களில் சுமார் 1,70,000 குழந்தைகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. உலகம் அவர்களை அனாதைகள் என்றே எழுதியது. பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

மூன்று வயது வரையான குழந்தைகளை வைத்திருந்த காப்பகத்துக்கு ருமேனிய மொழியில் 'லெகன்' என்று பெயர். தொட்டில் என்று பொருள். மூன்று வயதானதும் குழந்தைகளைத் தரம் பிரித்தார்கள். தேறும் என்று பட்டவை ஒரு பக்கம், தேறாது என்று பட்டவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் போனவர்களின் நிலையைத்தான் 1990இல் மேற்கத்தியத் தொலைக்காட்சிகள் காட்டின.

லெகனில் வேலை பார்த்த பெண்களைக் கொடுமைக்காரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருத்திக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் மேல். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பால், ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் தூக்கம். ஷிப்ட் மாறும்போது ஆளும் மாறும். ஒரு குழந்தையைத் தூக்கி, துடைத்து, துணி மாற்றிக் கீழே விட்டால்தான் அடுத்ததைத் தூக்க முடியும். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச அந்தக் கணக்கில் நேரமே கிடையாது.

அந்த நாலு வார்த்தையில் என்ன நடக்கிறது

நான்கு மாதக் குழந்தைக்கு ஒரு தாய் துணி மாற்றுகிறாள். குழந்தை "ங்ஙா" என்கிறது. "ஆமாவா?" என்கிறாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறது. அவள் காத்திருக்கிறாள். மறுபடி ஒரு "ங்ஙா". "அப்படியா சொன்னாங்க? அப்புறம்?" என்று புருவத்தை உயர்த்துகிறாள். குழந்தை சிரிக்கிறது. பத்து விநாடிதான். அதற்குள் தன் குரலுக்குப் பலன் உண்டு என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேச வேண்டும் என்ற முறையும் பழகிவிட்டது. எந்த வாயசைவுக்கு எந்தச் சத்தம், எந்தப் புருவத்துக்கு எந்த மனநிலை என்பதும் சேர்ந்து பதிகிறது. ஒரு நாளில் இப்படி எத்தனை பத்து விநாடிகள்!

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவில் ஒன்று கவனித்துப் பார்க்கத்தக்கது. தலையை நிமிர்த்திச் செங்கீரை ஆடு என்கிறார்கள், சப்பாணி கொட்டு என்கிறார்கள், முத்தம் தா என்கிறார்கள், தளிர்நடை போட்டு வா என்று வாரானையில் கூப்பிடுகிறார்கள். கழுத்து நின்றது, கை கூடியது, கால் நடந்தது என்று பட்டியல் போடாமல், ஒவ்வொரு படியிலும் எதிரே ஒருவர் நின்று கேட்கிறார். கேட்டதற்குக் குழந்தை செய்கிறது. குழந்தை செய்ததைப் பார்த்து அவர் அடுத்ததைக் கேட்கிறார். வளர்ச்சி உளவியல் இருபதாம் நூற்றாண்டில் ஆய்வகம் கட்டிக் கண்டுபிடித்ததும் பெரும்பாலும் இதுவே.

பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர்களின் மூளையில் கால் பங்குதான் இருக்கும். இரண்டு வயதில் முக்கால் பங்கை எட்டிவிடும். அந்த இரண்டு ஆண்டில் நரம்பணுக்களுக்கு நடுவே தேவைக்கு மேல் இணைப்புகள் முளைக்கின்றன. புழங்கும் இணைப்பு தடிக்கிறது, புழங்காதது உதிர்கிறது. பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில வாரங்கள் மூடி வைத்தால், பிறகு திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்துவதில்லை என்று டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் காட்டினார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்கு வெளிச்சம் எப்படியோ, பாசத்துக்கும் பேச்சுக்கும் அறிவுக்கும் அப்படி ஒன்று உண்டா, அதற்கும் காலக்கெடு இருக்கிறதா? மனிதக் குழந்தையிடம் சோதித்துப் பார்க்கக் கூடாத கேள்வி இது. ருமேனியாவில் அந்தச் சோதனையை ஒரு அரசாங்கம் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

குலுக்கல்

2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர், சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா, ருமேனிய அதிகாரிகளின் அழைப்போடு இந்த வேலையைத் தொடங்கினார்கள். அப்போது ருமேனிய அரசுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. காப்பகம்தான் நல்லது, பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தரப்பு. குடும்பத்தில் விட வேண்டும் என்று இன்னொரு தரப்பு. புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே ஏறத்தாழ இல்லை.

ஆறு காப்பகங்களிலிருந்து 187 குழந்தைகளைப் பார்த்தார்கள். மரபணுக் கோளாறு, தாயின் குடியால் கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பு போன்ற மருத்துவக் காரணங்களால் 51 பேர் கழிக்கப்பட்டார்கள். மீதி 136. வயது 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை. ஒவ்வொருவரையும் முழுமையாகப் பரிசோதித்துக் குறித்துக்கொண்ட பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, 68 பேர் காப்பகத்திலேயே. காப்பகத்தையே பார்த்திராத, புகாரெஸ்டில் சொந்த வீட்டில் வளர்ந்த 72 குழந்தைகளை ஒப்பிடுவதற்காகச் சேர்த்தார்கள். 56 வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, சமூகப் பணியாளர்களை அடிக்கடி அனுப்பி உடன் நின்றார்கள். இந்தக் குழந்தையை என் பிள்ளையாகவே வளர்ப்பேன் என்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்களிடம் கேட்டது.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. குடும்பம் நல்லது என்று தெரிந்திருந்தும் 68 குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுவைத்தது நியாயமா? இதற்கு அவர்கள் சொன்ன பதிலைப் பலமுறை எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆய்வு நடக்கவில்லை என்றால் 136 பேரும் அங்கேயே இருந்திருப்பார்கள். ஆய்வுக்காக யாரும் புதிதாகக் காப்பகத்துக்குள் அனுப்பப்படவில்லை. காப்பகக் குழுவில் இருந்த குழந்தைக்குச் சொந்தப் பெற்றோரோ, அரசு ஏற்படுத்திய குடும்பமோ கிடைத்தால் உடனே போகலாம், ஆய்வு தடுக்காது. அப்படியே பலர் போகவும் செய்தார்கள். முடிவுகள் வர வர ருமேனிய அரசிடமும் சொல்லப்பட்டன. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். காப்பகங்களின் தீமையைப் பற்றி ரெனே ஸ்பிட்ஸ் 1945இலேயே எழுதியிருந்தார். அவர் பார்த்த ஒரு அனாதைக் குழந்தைகள் விடுதியில் சுத்தத்துக்கும் உணவுக்கும் குறைவில்லாமல் இருந்தும் இரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் இறந்துபோயின. ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கே அறிக்கை எழுதினார். அத்தனைக்குப் பிறகும், பலவீனமான குழந்தைகளைத்தான் காப்பகத்தில் விடுகிறார்கள், காப்பகத்தின்மேல் என்ன தப்பு என்று சொல்ல இடமிருந்தது. குலுக்கல் அந்த வாயை அடைத்தது. சரி என்று ஏற்றுக்கொண்டாலும் சீட்டு விழாத 68 முகங்கள் மனதை விட்டுப் போவதில்லை.

உடம்பு முதலில் பதில் சொன்னது

காப்பகக் குழந்தைகள் வயதுக்கு ஏற்ற உயரமும் எடையும் இல்லாமல் இருந்தார்கள். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன ஓராண்டுக்குள் அவர்களில் பெரும்பாலானவர்கள் வயதுக்குரிய அளவை எட்டிப் பிடித்தார்கள். வளர்ப்புத் தாய் எவ்வளவு கனிவாகவும் கவனமாகவும் குழந்தையிடம் நடந்துகொண்டாரோ அந்த அளவுக்கு வளர்ச்சியும் வேகமாக இருந்தது. தலையின் சுற்றளவு மட்டும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை.

கனிவால் உயரம் கூடுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களில் எல்சி விடோசன் என்ற பிரிட்டிஷ் உணவியல் அறிஞர் குழந்தைகளின் எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்துவந்தார். இரண்டிலும் ஒரே ரேஷன். ஆறு மாதம் கழித்து ஒரு இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். கூடுதல் உணவு கிடைத்த பிள்ளைகள் அதிகம் வளர்வார்கள் என்று எதிர்பார்த்தார். நேர்மாறாக நடந்தது. கூடுதல் உணவு இல்லாத இல்லத்துப் பிள்ளைகள்தான் அதிக எடை போட்டார்கள். காரணத்தைத் தேடியபோது, உணவு மாறிய அதே சமயத்தில் மேற்பார்வை அம்மாவும் மாறியது தெரிந்தது. மிகவும் கண்டிப்பான ஒரு பெண்மணி, கூடுதல் உணவு இல்லாத இல்லத்திலிருந்து கூடுதல் உணவு கிடைத்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் திட்டுவார். எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துத் திட்டுவார், தட்டில் சூப் ஆறிப்போகும். அவருக்குச் செல்லமான எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைத் தன்னோடு அழைத்துவந்திருந்தார். அந்த எட்டுப் பேர் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள். 1951இல் விடோசன் இதை வெளியிட்டார். பயத்திலும் தனிமையிலும் இருக்கும் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு குறையும், உண்டது ஒட்டாது என்பது இன்று மருத்துவப் பாடம்.

அறிவும் பேச்சும்

நெல்சன் குழுவின் முதல் பெரிய முடிவு 2007 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்தது. குழந்தைகளுக்கு மூன்றரை வயதானபோது அறிவு வளர்ச்சி அளவீட்டில், சொந்த வீட்டில் வளர்ந்தவர்களின் சராசரி 103. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் 86. காப்பகக் குழு 77. வளர்ச்சி அளவீடு, ஐக்யூ என்ற நுண்ணறிவு எண் இரண்டிலும் 100 என்பது நடுத்தரம். நான்கரை வயதில் ஐக்யூவாக அளந்தபோது 109, 81, 73 என்று வந்தது.

81க்கும் 73க்கும் நடுவே எட்டுப் புள்ளிதானே என்று தோன்றலாம். குலுக்கலில் காப்பகத்துக்கு விழுந்தவர்களில் பலர் அதற்குள் ஏதோ ஒரு குடும்பத்துக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் நேர்மையான கணக்குக்காக அவர்களைக் காப்பகக் குழுவிலேயே வைத்து எண்ணினார்கள். உண்மையான இடைவெளி இன்னும் பெரிதாகவே இருந்திருக்கும்.

வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களை, போனபோது இருந்த வயதை வைத்துப் பிரித்தபோதுதான் ஆய்வின் இதயமான விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை வயதுக்குள் போனவர்களின் மூன்றரை வயது மதிப்பு 94. ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் போனவர்கள் 89. இரண்டு வயதைத் தாண்டிப் போனவர்கள் 80. ஒரே விதமான குடும்பங்கள், ஒரே விதமான உதவி. சில மாதங்கள் மட்டும் வித்தியாசம்.

பேச்சுக்குக் கெடு இன்னும் சீக்கிரம். 15 மாதத்துக்குள் குடும்பம் கிடைத்த குழந்தைகள் பேச்சில் மற்றக் குழந்தைகளுக்கு இணையாக வந்தார்கள். இரண்டு வயதுக்குப் பிறகு போனவர்கள், மூன்றரை வயதில் காப்பகக் குழந்தைகளைப் போலவே மிகவும் பின்தங்கியிருந்தார்கள். தலையில் மென்மையான வலைத்தொப்பி மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுத்துப் பார்த்தபோது, காப்பகக் குழந்தைகளின் மூளையில் மெதுவான அலைகள் அதிகமாகவும் வயதுக்குத் தக்க ஆல்ஃபா அலைகள் குறைவாகவும் இருந்தன. எட்டு வயதில் மறுபடி எடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் பதிவு, வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் பதிவைப் போலவே இருந்தது.

எம்ஆர்ஐ வேறொன்றைக் காட்டியது. நரம்பணுக்கள் குவிந்திருக்கும் சாம்பல் பகுதி, காப்பகத்தில் காலம் கழித்த எல்லாருக்கும் குறைவாகவே இருந்தது, குடும்பம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அணுக்களை இணைக்கும் வெண்பகுதி மட்டும் குடும்பத்துக்குப் போனவர்களிடம் ஓரளவு மீண்டிருந்தது. "சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்" என்று நாம் சொல்வது உண்டு. ஒன்றரை வயதில் நடந்தது எதுவும் அந்தப் பிள்ளைக்கு நினைவில் இருக்காது, உண்மைதான். மூளையின் அமைப்பில் அது இருக்கிறது.

அறிமுகமில்லாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு

ஒரு சிறிய அறை, தரையில் பொம்மைகள். குழந்தையும் அதை வளர்ப்பவரும் உள்ளே இருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வருகிறார். வளர்ப்பவர் எழுந்து வெளியே போகிறார், சில நிமிடத்தில் திரும்பி வருகிறார். அவர் திரும்பி வரும் அந்த நொடியில் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கிய சோதனை இது. அவரை நம்பியிருக்கும் குழந்தை அழுதுகொண்டே ஓடி வரும், தூக்கச் சொல்லும், தோளில் சாய்ந்து சமாதானமாகும், பிறகு இறங்கிப் பொம்மையிடம் போகும்.

ஆய்வின் தொடக்கத்தில் காப்பகக் குழந்தைகளில் பலரிடம் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. சில அசையாமல் உறைந்து நின்றன. சில நெருங்கி வந்து, பாதியில் திரும்பிக்கொண்டன. வளர்ப்பவரும் அறிமுகமில்லாதவரும் அவற்றுக்கு ஒன்றே. மூன்றரை வயதில், வீட்டில் வளர்ந்தவர்களில் 65 சதவீதம் பேர் பாதுகாப்பான பிணைப்போடு இருந்தார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் 49 சதவீதம். காப்பகக் குழுவில் 18.

49 என்ற எண்ணைப் பார்த்து நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினால் யாரும் எடுக்காத இடத்தில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிடந்த பிள்ளை, ஒரு அம்மா கிடைத்ததும் மறுபடி கையை நீட்டியிருக்கிறது. பாதிப் பேர்!

காப்பகங்களுக்குப் போய் வருபவர்கள் பலர் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு: "எவ்வளவு பாசமான குழந்தைகள், பார்த்தவுடன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள்." எனக்கு இப்போது அதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. நான்கரை வயதில் ஒரு சோதனை வைத்தார்கள். கதவு மணி அடிக்கிறது. வளர்ப்பவரும் குழந்தையும் கதவைத் திறக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நின்று, என்னோடு வா, உனக்கு ஒன்று காட்டுகிறேன் என்கிறார். வீட்டில் வளர்ந்த குழந்தைகள் ஏறத்தாழ எல்லாருமே தயங்கி நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளில் நாலில் ஒருவர் போய்விட்டார். காப்பகக் குழுவில் ஐந்தில் இருவருக்கு மேல் அவரோடு நடந்தே போனார்கள். யாரோடும் ஒட்டிக்கொள்வது பாசத்தின் மிகுதியால் வருவதல்ல. தன் ஆள் என்று ஒருவர் இருந்தால்தான் பிறர் என்ற எண்ணமே வரும். காப்பகம் கொடுத்த பாதிப்புகளில் மிகவும் பிடிவாதமானவற்றில் இதுவும் ஒன்று. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டியும் அப்படியே, குடும்பம் கிடைத்தும் குறையவில்லை. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

மீசை அரும்பும் வயதில்

பெரும்பாலான ஆய்வுகள் ஐந்தாறு வயதோடு நின்றுவிடும். இவர்கள் 8, 12, 16, 18 என்று தொடர்ந்தார்கள்.

12 வயதில் பிள்ளைகளை அறிமுகமில்லாதவர்கள் முன் நிறுத்திப் பேசச் சொன்னார்கள், மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். சாதாரணமாக இதற்கு இதயம் வேகமாக அடிக்கும், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், முடிந்ததும் இறங்கும். காப்பகக் குழுவுக்கு அது சரியாக ஏறவே இல்லை. அமைதியான பிள்ளை என்று வெளியே தெரியும். உள்ளே ஆபத்துக்கு மணியடிக்கும் கருவி மந்தமாகிக் கிடக்கிறது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் அது மற்றவர்களைப் போலவே வேலை செய்தது.

அதே 12 வயதில் இன்னொரு முடிவு வந்தது. முதலில் எடுத்துக்கொண்ட வளர்ப்புக் குடும்பத்திலேயே தொடர்ந்து இருந்தவர்களுக்கு ஐக்யூவும் அதிகம், மனநலச் சிக்கலும் குறைவு. இடையில் குடும்பம் மாறியவர்களுக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. 16 வயது வரை பார்த்தபோது வளர்ப்புக் குடும்பக் குழுவின் மனநலச் சிக்கல்கள் காப்பகக் குழுவைவிடக் குறைந்துகொண்டே வந்தன. திட்டமிடுதல், நினைவில் வைத்துக் கையாளுதல் போன்ற திறன்களில் மட்டும் இரு குழுவுமே பின்தங்கி இருந்தன. 18 வயதிலும் ஐக்யூவில் அந்த வித்தியாசம் நின்றது.

இரண்டு வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இதைப் படித்துவிட்டு யாரும் மனம் உடைந்துபோகக் கூடாது, முக்கியமாகப் பெரிய பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்ப்பவர்கள். மினசோட்டாவில் மெகன் கன்னர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டு நல்ல குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளின் மந்தமான கார்ட்டிசால் சுரப்பு, பருவமடையும் காலத்தில் தானே சரியாகத் தொடங்கியது. உடல் தன் அளவுகளைத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு வளரிளம் பருவத்தில் வருகிறது என்று இதற்குப் பொருள். ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழு இளமைப் பருவம் வரை பார்த்தது. ஆறு மாதத்துக்குள் வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே ஆனார்கள். அதற்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களில் பலருக்கு கவனம், பழகும் முறை ஆகியவற்றில் சிக்கல் இளமைக்கும் தொடர்ந்தது. அறிவு வளர்ச்சியில் இருந்த பின்னடைவு பெரியவர்களானபோது மறைந்துவிட்டது. அவ்வளவு நாள் உள்ளே கிடந்தும், ஐந்தில் ஒருவர் எந்த வயதில் பார்த்தபோதும் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தார். அந்த ஐந்தில் ஒருவரைப் பற்றித்தான் அடுத்து நிறையப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் ஏறிய வயது

ருமேனியா 2004இல் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் காப்பகத்தில் வைக்கக் கூடாது. பின்னாளில் அந்த வயதை மேலும் உயர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற அவசரமும் அதற்குப் பின்னால் இருந்தது. 2007 ஜனவரியில் சேர்ந்தும்விட்டார்கள். லட்சக்கணக்கில் இருந்த காப்பகக் குழந்தைகள் சில ஆயிரங்களாகக் குறைந்தார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களும் விழாதவர்களும் இப்போது இருபத்தைந்து வயதை ஒட்டியவர்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கடுமையான ஊனத்தோடு உள்ள குழந்தையை மட்டும், இரண்டு வயது ஆகாவிட்டாலும், காப்பகத்தில் வைக்கலாம். ஆய்வின் தொடக்கத்தில் 187 பேரிலிருந்து கழிக்கப்பட்ட 51 பேரை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் ஒரு குடும்பம் கிடைத்திருந்தால் ஒன்றரை வயதில், மூன்றரை வயதில், எட்டு வயதில் எவ்வளவு தூரம் வந்திருப்பார்கள் என்பதற்கு இந்த ஆய்வில் எந்த எண்ணும் கிடையாது. அவர்களை யாரும் குலுக்கலில் சேர்க்கவில்லை.